கயிறு இழுக்கும் மலை, எஞ்சின் தள்ளும் மலை

இகோமா, ஜப்பான்

அன்புள்ள அண்ணாச்சி,

நம்ம செங்கோட்டையில் சாரல் விழ ஆரம்பித்திருக்கும். இங்கேயும் ஆனியில் மழைக்காலம்தான். ஒசாகாவிலிருந்து மலையைக் குடைந்து வரும் ரயிலில் இகோமாவில் இறங்கினேன். உச்சி தெரியாமல் மேகம் மூடிக் கிடந்த மலையைப் பார்த்ததும் ஐந்தருவிப் பக்கம் நிற்கிற மாதிரியே இருந்தது.

அந்த மலையில் ஒரு கயிற்று ரயில் ஏறுகிறது. 1918 ஆகஸ்ட் 29-ல் ஓடத் தொடங்கியது; ஜப்பானுக்கு அதுதான் முதல் கயிற்று ரயில். பழனி விஞ்சில் ஏறியவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். ஒரே கயிற்றின் இரு முனையிலும் ஒவ்வொரு பெட்டி. ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். நடுவழியில் மட்டும் பாதை இரண்டாகப் பிரிந்து சேர்கிறது. பெட்டியின் ஒரு பக்கச் சக்கரத்துக்கு இரண்டு விளிம்பு, மறுபக்கச் சக்கரத்துக்கு விளிம்பே கிடையாது. அதனால் பாதையை மாற்றிவிட ஆளே வேண்டாம். இந்தப் பெட்டி என்றும் இந்தப் பக்கம், அந்தப் பெட்டி என்றும் அந்தப் பக்கம்.

சரிவில் வீடுகளுக்கு நடுவே ஒரு கேட் இருக்கிறது. அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். தண்டவாளங்களுக்கு நடுவில், சின்னச் சின்ன உருளைகள்மேல், விரல் பட்டால் மை ஒட்டுகிற மாதிரி கிரீஸ் பூசிய இரும்புக் கயிறு. மணி அடித்தது. முதலில் கயிறு சிலிர்த்தது. அடுத்து உருளைகள் சுற்றின. பெட்டி கண்ணுக்குத் தெரிந்தது அதற்கப்புறம்தான். நாய் முகம் தீட்டிய பெட்டி ஏறியது, பூனை முகம் தீட்டிய பெட்டி இறங்கியது.

இந்த ரயிலைப் போட்டது யாருக்காக என்று கேட்டால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். நம்ம பிள்ளையாரைக் கும்பிட வருகிறவர்களுக்காக. மேலே ஹோசன்ஜி என்ற கோயில், 1678-ல் தோன்றியது. அங்கே யானைமுகக் கடவுளை ‘ஷோதென்’ என்கிறார்கள். திருவுருவத்தை யாருக்கும் காட்டுவதில்லை, மூடியே வைத்திருக்கிறார்கள். கொழுக்கட்டைக்குப் பதில் முள்ளங்கி படைக்கிறார்கள். செங்கோட்டையிலிருந்து இத்தனை தூரம் வந்தவனுக்கு இவர் காத்திருந்த மாதிரி நெஞ்சு நிறைந்துபோயிற்று.

இறங்கும்போது மனசு நம்ம பகவதிபுரம் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. கரி எஞ்சின் காலத்தில் புனலூர் அத்தை வீட்டுக்குப் போவோமே, முன்னால் ஒரு எஞ்சின் இழுக்கும், பின்னால் ஒன்று தள்ளும். முன்னது கூவினால் பின்னது பதில் கூவும். குகை வருகிறது என்று யாராவது கத்துவார்கள். அம்மா ஷட்டரை இறக்குவதற்குள் புகை உள்ளே வந்துவிடும். இருட்டு விலகினால் ஆரியங்காவு. காற்றின் வாசனையே வேறாக இருக்கும். அப்புறம் இடப்பாளையம் தாண்டிப் பதிமூன்று கண் பாலம். கீழே ரோட்டில் போகிற பஸ்காரர்கள் கை காட்டுவார்கள்.

புனலூர்–செங்கோட்டை மலைப்பாதை திறந்தது 1904 நவம்பர் 26-ல். அப்போது நம்ம ஊரே திருவிதாங்கூர்ச் சீமை. 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். மலைவேலை முடிவதற்கு முன்பே கொல்லம் பக்கம் ரயில் ஓட்டியாக வேண்டும் என்று, எஞ்சினைப் பிரித்துக் கப்பலில் கொண்டுபோய்ப் பூட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். ஐந்து குகை, எத்தனையோ பாலம், காடு, காட்டாறு. மலை ரயில் என்றால் எல்லோரும் ஊட்டியைத்தான் சொல்கிறார்கள். 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பெருமை அதற்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம்ம மலைப்பாதை அதற்கு ஒரு மாற்றுக்கூடக் குறைந்ததில்லை என்பேன். ஊட்டி ரயிலில் மலையைப் பார்க்கப் போகிறார்கள். நாம் மலைக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்தோம், பெண் எடுத்தோம், சரக்கு அனுப்பினோம், மாலை போட்டுச் சபரிமலைக்குப் போனோம்.

2010 செப்டம்பர் 20-ல் மீட்டர்கேஜ் கடைசியாக ஓடியது. அகலப்பாதை முடிந்து 2018 ஜூன் 9-ல் முறைப்படி திறந்து வைத்தார்கள். இடைப்பட்ட எட்டு வருஷத்தில் அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். துக்கத்துக்கு நான் புனலூரில் வந்து இறங்கியது பஸ்ஸில். இப்போது ரயில் ஓடுகிறது, அது பெரிய ஆறுதல். ஆனால் இகோமாவில் நூறு வருஷக் கதையை வழியில் கேட்டவனுக்கெல்லாம் சொல்கிறார்கள். நம்ம ஊரில் அந்தப் பழைய பாதையில் கரி அள்ளிப் போட்டவர், குகை வாசலில் விளக்கோடு நின்ற கேங்மேன், பின் எஞ்சினில் போன டிரைவர், இவர்கள் சொன்னதை யார் எழுதி வைத்தோம்? இது என்னை உறுத்துகிறது, அண்ணாச்சி. நானும் எழுதி வைக்கவில்லை.

2029 நவம்பரில் அந்தப் பாதைக்கு 125 வயது. அதற்குள் செய்ய வேண்டிய வேலை இது. ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில் உட்காரும் பழைய ரயில்வே ஆட்களில் இருக்கிறவர்களைத் தேடிப் பிடித்துப் பேசவைத்து, பேரனிடம் போன் கொடுத்துப் பதிவு பண்ணச் சொல்லுங்கள். இதைப் படிக்கிற தென்காசி, செங்கோட்டை, புனலூர் வாசகர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: வீட்டுப் பரணில் பழைய அட்டை டிக்கெட், கல்யாணத்துக்கு ரயிலில் போனபோது எடுத்த போட்டோ, எது இருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஐப்பசியில் நான் ஊருக்கு வருகிறேன். வீடு வீடாக வந்து வாங்கிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி