ஆடலே மருந்தாக

இத்தாலி நாட்டை நிலப்படத்தில் நோக்குவோர் அது ஒரு நெடிய காலணியைப் போன்றிருக்கிறது என்பர். அக்காலணியின் குதிகாலாக அமைந்த நிலத்திற்குச் சலெந்தோ என்பது பெயர். ஒருபுறம் ஆதிரியாட்டிக் கடலும் மற்றொருபுறம் அயோனியக் கடலும் சூழ்ந்த அந்நிலம் ஒலிவ மரங்கள் மலிந்தது, செம்மண் பரந்தது, நீர்வளம் குறைந்தது. கோதுமையும் புகையிலையும் திராட்சையும் அங்கு விளைந்த பயிர்கள். கோடை வெயிலில் கோதுமை அறுத்தவர்களும் புகையிலை பறித்தவர்களும் பெரும்பாலும் பிறர் நிலத்திற் கூலிக்கு உழைத்த ஏழை மக்களே. அம்மக்களிடையே பல நூற்றாண்டுகளாக ஒரு மருத்துவமுறை வழங்கி வந்தது. அதற்கு வேரும் வேண்டா, தழையும் வேண்டா. வயலின் ஒன்றும், கஞ்சிராவைப் போன்ற தோற்கருவி ஒன்றும், ஆடுவதற்குச் சிறிது இடமும் இருந்தாற் போதும்.

ஆனி மாதத்து அறுவடையின்போது வயலில் வேலை செய்துகொண்டிருக்கும் ஒருத்தி திடீரெனச் சோர்ந்து விழுவாள். உணவு செல்லாது, உறக்கம் வாராது, காரணம் கூறாமல் அழுவாள், சில வேளை வாய் பேசாது கிடப்பாள். 'தாரந்தா கடித்துவிட்டது' என்பர் ஊரார். தாரந்தா என்பது சிலந்தி. தாரந்தோ என்னும் பழைய நகரின் பெயரை ஒட்டியே சிலந்திக்கும், அதனால் வருவதாகக் கருதப்பட்ட நோய்க்கும், நோய் தீர்க்கும் ஆடலுக்கும் பெயர்கள் அமைந்தன. சலெந்தோவில் அவ்வாடலைப் பிட்சிக்கா என்று வழங்குவர். கடித்தல், கொட்டுதல் என்னும் பொருளுடைய சொல்லினின்று பிறந்த பெயர் அது. நோயின் பெயராலேயே மருந்தையும் அழைத்தனர் அம்மக்கள்.

நோயுற்றாளின் வீட்டார் தேடிச் சென்றது இசைவாணரையே. வீட்டின் நடுவே வெள்ளைத் துணியொன்று விரிக்கப்படும். அவள் அதன்மேற் கிடப்பாள். சுற்றிலும் பல நிற நாடாக்களை வைப்பர். இசைவாணர் தம் கருவிகளுடன் வந்தமர்ந்து முதலில் ஒரு மெட்டை வாசிப்பர்; அவளிடம் அசைவு இராது. வேறொரு மெட்டை எடுப்பர், அதற்கும் அசையாள். தாரந்தாக்களில் ஆடலை விரும்புவதும் உண்டு, பாடலை விரும்புவதும் உண்டு, துயருற்று ஊமையாய் இருப்பதும் உண்டு என்பது அவர்களது நம்பிக்கை. கடித்த சிலந்திக்கு உவந்த பண்ணும் உவந்த நிறமும் எவை என்று கண்டறிவதே இசைவாணரது முதற்கடமை. மருத்துவர் நாடி பார்ப்பது போன்றதே இது. உரிய மெட்டு ஒலித்த அளவில் அவள் கைவிரல்கள் துடிக்கும். தலை இருபுறமும் ஆடும். முதுகைத் தரையிலே படியவிட்டுக் குதிகால்களை ஊன்றிச் சிலந்தியைப் போலவே ஊர்ந்து செல்வாள். பின்னர் எழுந்து நின்று தாளத்திற்கேற்ப மிதித்து ஆடுவாள். தன்னைக் கடித்த சிலந்தியைத் தானே காலால் மிதித்து நசுக்குவதாக அதற்குப் பொருள் கொண்டனர். ஆடி ஆடித் தளர்ந்து வீழ்வாள், சற்றே இளைப்பாறுவாள், மீண்டும் இசை தொடங்கும். இவ்வாறு ஒரு பகல் செல்லும்; சிலருக்கு இரண்டு மூன்று நாளும் செல்லும். இசைவாணருக்குக் கூலி தரவேண்டும் அன்றோ? அக்கூலிக்காக ஏழைக் குடும்பங்கள் கடன்பட்டதும் உண்டு. ஆடலாகிய இம்மருந்து மலிவானது என்று எண்ணிவிடுதல் கூடாது.

ஆண்டுதோறும் ஜூன் 28, 29 ஆகிய நாள்களில் நோயுற்றோர் கலத்தீனா என்னும் ஊருக்குச் செல்வர். அங்கே தூய பவுலின் சிறிய கோயில் ஒன்று உள்ளது. மால்ட்டா தீவிலே நச்சுப்பாம்பு கடித்தும் பவுலுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை என்று விவிலியம் கூறுகிறது. ஆதலின், நஞ்சு தீண்டியவர்களுக்கு அவரே காவலர் என நம்பினர். கோயிலை அடுத்த கிணற்று நீரை நோயுற்றோர் பருகுவர். கலத்தீனா ஊர் எல்லைக்குள் யாரையும் தாரந்தா கடிப்பதில்லை என்றும் ஒரு நம்பிக்கை இருந்தது.

இந்நோயைப் பற்றி அறிஞர் பலர் எழுதினர். கிர்ச்சர் என்னும் செருமானிய அறிஞர் 1641ஆம் ஆண்டிலேயே தம் நூலில், நஞ்சை முறிக்கும் இசை என்று ஒரு மெட்டைப் பதிப்பித்தார். இசையின் அதிர்வு உடலிலுள்ள நஞ்சைக் கிளறி வியர்வை வழியே வெளியேற்றுகிறது என்பது அக்காலத்தார் கூறிய விளக்கம். 1742ஆம் ஆண்டில் நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் செராவ் என்பார், இது சிலந்தியின் குற்றமன்று, மக்களின் மனத்துயரமே காரணம் என்று எழுதினார். சிலந்தியின் செய்தியும் வியப்புக்குரியதே. தாரந்தோவின் பெயரைத் தாங்கிய பெரிய சிலந்தி பார்வைக்கு அச்சந்தருவது. ஆனால், அதன் கடி மனிதருக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. அவ்வயல்களிலேயே வாழும் மற்றொரு சிறிய கருஞ்சிலந்தியின் கடியே உண்மையில் நஞ்சுடையது. பழி பெரியதன்மேல் விழுந்தது, குற்றம் சிறியதனுடையது. அதுவும் ஒரு பகுதியே. ஒருமுறை கடித்த சிலந்தி ஆண்டுதோறும் அதே பருவத்தில் எவ்வாறு மீண்டும் மீண்டும் வருத்தும்? ஆண்களும் பெண்களும் சேர்ந்து அறுவடை செய்யும் வயலில் பெண்களையே அது தேடிக் கடிப்பது எவ்வாறு?

இவ்வினாக்களுடன் 1959ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில் சலெந்தோவுக்கு வந்தார் எர்னெஸ்தோ தெ மார்த்தினோ என்னும் இத்தாலிய அறிஞர். மனநோய் மருத்துவர், உளநூல் வல்லார், இசையறிஞர், நிழற்படக் கலைஞர் எனப் பலரும் அவருடன் வந்தனர். அவர்கள் ஆராய்ந்தறிந்த நோயாளிகள் 37 பேர். அவருள் 32 பேர் பெண்கள். அப்பெண்களின் வாழ்க்கை வரலாறுகளை ஒவ்வொன்றாகக் கேட்டபோது சிலந்தி மெல்ல மெல்ல மறைந்தது, வேறொன்று புலப்பட்டது. அவர்களுள் ஒருத்தி இளமையில் தந்தையை இழந்தவள். அவள் ஓர் இளைஞனை விரும்பினாள்; அவளது வறுமை காரணமாக அவன் வீட்டார் மறுத்தனர்; அக்காலத்தில் அவளைத் தாரந்தா கடித்தது. பின்பு அவள் விரும்பாத ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். ஆண்டுதோறும் கோடையில் நோய் மீண்டது. இத்தகையோர் தம் துயரத்தைச் சொல்ல அவ்வூரில் இடமில்லை; கேட்பாரும் இல்லை. 'என் மனம் நொந்தது' என்று கூறினால் இகழ்வர், 'என்னைச் சிலந்தி கடித்தது' என்று கூறினால் ஊரே கூடும், இசை முழங்கும், வாய் திறவாத பெண் ஒரு பகல் முழுவதும் எல்லோர் முன்னிலையிலும் ஆடலாம், அலறலாம், புரளலாம், ஒருவரும் குறை கூறார். தெ மார்த்தினோ 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் பெயரில் 'ரிமோர்சோ' என்னும் சொல் அமைந்துள்ளது. மனத்தை வருத்தும் உறுத்தல் என்பது அதன் பொருள். மீண்டும் கடித்தல் என்றும் அச்சொல்லைப் பிரித்துப் பொருள் கொள்ளலாம். தீராத துயரம் ஆண்டுக்கு ஒருமுறை வந்து கடிக்கிறது என்பதை ஒரே சொல்லில் உணர்த்திய நயம் பாராட்டத்தக்கது.

இம்மருத்துவத்தில் வல்லவராக விளங்கியவர் நார்தோ என்னும் ஊரினரான லூய்ஜி ஸ்திஃபானி. அவர் தொழிலால் முடி திருத்துபவர். தென் இத்தாலியில் முடி திருத்தும் கடைகளே இசை பயிலும் இடங்களாகவும் இருந்தன. பகலிற் கத்தரிக்கோல் பிடித்த கையால், அழைப்பு வந்தபோது அவர் வயலின் பிடித்தார். தம்மிடம் வந்தோரைப் பற்றிய செய்திகளைக் குறித்தும் வைத்தார். 1959இல் வந்த அறிஞர் குழு அவரது இசையை நேரிற் கேட்டது. கற்ற மருத்துவர் பலர் கண்டு சொல்லாததை அவர் ஒரு மெட்டின் வாயிலாக அறிந்தார் எனின் அது மிகையாகாது. அவர் 2000ஆம் ஆண்டில் காலமானார்.

அவரது வாழ்நாளிலேயே அம்மருத்துவம் மறையலாயிற்று. வயலுக்குப் பொறிகள் வந்தன. இளைஞர் வேலை தேடி வட இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் செருமனிக்கும் சென்றனர். பிட்சிக்காவைக் கேட்டாலே நாணித் தலைகுனியும் நிலை ஏற்பட்டது. பாட்டி ஆடினாள் என்று கூறப் பெயர்த்தி விரும்பவில்லை. நல்வாய்ப்பாக, 1954ஆம் ஆண்டிலேயே ஆலன் லோமாக்ஸ் என்னும் அமெரிக்கரும் தியேகோ கார்ப்பித்தெல்லா என்னும் இத்தாலிய இசையறிஞரும் ஊர் ஊராகச் சென்று அம்மக்களின் பாடல்களை ஒலிப்பதிவு செய்திருந்தனர். 1975இல் ரீனா துராந்தே என்னும் பெண் எழுத்தாளர் ஓர் இசைக்குழுவைத் தோற்றுவித்து அப்பாடல்களை மீண்டும் மேடையேற்றினார்.

பின்னர் 1998ஆம் ஆண்டில் பெரிய திருப்பம் நேர்ந்தது. சலெந்தோவின் நடுவே சில சிற்றூர்கள் உள்ளன. கிரேக்க மொழியின் கிளையொன்று அங்கு முதியோர் நாவில் இன்றும் வழங்குகிறது. அவ்வூர்கள் ஒன்றுகூடி 'தாரந்தா இரவு' என்னும் விழாவைத் தொடங்கின. ஆகஸ்டு மாதத்தில் ஊருக்கு ஓர் இரவாக இசை நிகழும். மாத இறுதியில் மெல்பிஞ்ஞானோ என்னும் ஊரில் பழைய துறவியர் மடத்தின் எதிரே உள்ள திடலில் நிறைவு விழா நடைபெறும். ஏறத்தாழ இரண்டாயிரம் மக்களே வாழும் அவ்வூரில் அவ்விரவில் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடுவதுண்டு. ஆண்டுதோறும் ஓர் இசையறிஞர் நாட்டுப்புறக் கலைஞர்களுக்குத் தலைமை தாங்கிப் பழைய மெட்டுகளைப் புதிதாக அமைப்பார். 2000இல் ஆஸ்திரியாவிற் பிறந்த ஜோ சாவினுல் வந்தார். 2003இல் அமெரிக்க முரசுக் கலைஞர் ஸ்டூவர்ட் கோப்லாந்து வந்தார். 2012இல் சரயேவோவிற் பிறந்த கோரான் பிரெகோவிச் வந்தார். பல நாட்டு இசையும் பிட்சிக்காவுடன் கலந்து ஒலிக்க, விடியும்வரை இளைஞரும் முதியரும் ஆடுகின்றனர்.

இவ்விழாவைக் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. துயரத்திற் பிறந்த ஆடலைக் களியாட்டமாக்கிவிட்டனர் என்பர் சிலர். அக்கூற்றை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. வெள்ளைத் துணியின்மேற் புரண்ட பெண்ணின் கண்ணீரை, மேடை விளக்கின் ஒளியில் நிற்கும் நடனமங்கையின் செந்நிற ஆடை மறைத்துவிடுகிறது. ஒருத்தியின் நோய்க்கேற்ப மெட்டைத் தேடிய பழைய பொறுமையும் இலட்சம் பேர் கூடிய திடலில் இயலாதது. ஆயினும் மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பழைய ஆடலில் ஒருத்தி ஆட மற்றவர் பார்த்திருந்தனர்; ஆடியவள் நோயாளி என்னும் பெயரோடு வீடு திரும்பினாள். இன்று எல்லோரும் ஆடுகின்றனர். யாரும் அப்பெயர் பெறுவதில்லை. பாட்டியின் ஆடலைக் கூற நாணிய குடும்பங்களின் மக்கள் அதையே பெருமையுடன் கற்கின்றனர். இது சிறு நன்மையன்று. இழந்ததைக் காட்டிலும் பெற்றதே பெரிது என்று துணிந்து கூறலாம், சிலந்தி கடித்த பெண்களின் கதையும் உடன் கூறப்படும்வரையில்.

ஆடலால் நோய் தணியும் என்பதை இக்கால மருத்துவரும் முற்றும் மறுப்பதில்லை. பார்க்கின்சன் நோயுற்றோர்க்கு நடக்கும்போது கால் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடுவதுண்டு. அவ்வேளையிற் சீரான தாளம் செவியிற்பட்டால் பலருக்குக் கால் மீண்டும் பெயர்கிறது. நியூயார்க் மாநகரின் புரூக்ளின் பகுதியில் மார்க் மாரிஸ் நடனக் குழுவினர் 2001ஆம் ஆண்டில் இந்நோயுற்றோர்க்கென ஆடல் வகுப்புத் தொடங்கினர். அம்முறை பின்னர் வேறு நாடுகளிலும் பரவியது. அது நோயை அடியோடு போக்குவதன்று. வகுப்பு நடைபெறும் நேரத்தில் அவர்கள் நோயாளிகளல்லர், ஆடுநர் என்பதே அதன் சிறப்பு.

மெல்பிஞ்ஞானோவின் பேரொலியை விரும்பாதோர் செல்லும் ஊர் ஒன்றும் சலெந்தோவில் உண்டு. தொர்ரெபாதுலி என்பது அதன் பெயர். ஆகஸ்டு 15ஆம் நாள் இரவில் அங்குள்ள தூய ரொக்கோவின் கோயிலின் எதிரே மக்கள் கூடுவர். மேடை இல்லை, தலைவர் இல்லை. தோற்கருவியுடன் வந்தோர் வட்டமாக நின்று முழக்கத் தொடங்குவர். வட்டத்தினுள் இருவர் இறங்கி, இரு விரல்களைக் கத்திபோல் நீட்டி, ஒருவரையொருவர் குத்துவது போலவும் விலகுவது போலவும் ஆடுவர். முற்காலத்தில் உண்மையான கத்தியே இருந்தது என்று ஊரார் கூறுவர். ஒருவர் தளர்ந்தால் கூட்டத்திலிருந்து மற்றொருவர் வந்து அவர் இடத்தை ஏற்பார். தோலின்மேல் ஓயாது உராய்ந்து கை சிவந்து புண்ணாகும்; கருவியை அடுத்தவரிடம் தந்துவிட்டுக் கையைத் துணியாற் சுற்றிக்கொள்வர்; சிறிது நேரத்தில் மீண்டும் வாங்கிக்கொள்வர். பொழுது புலர்ந்து கோயிற்கதவு திறக்கப்பட்டு முதல் வழிபாடு தொடங்கும்வரையில் அம்முழக்கம் ஓய்வதில்லை.