ஆயிரம் கெஜத்துக்கு அப்பால்

தமிழ்நாட்டில் வளர்ந்த பெரும்பாலோரைப் போல எனக்கும் துப்பாக்கி இரண்டே வடிவங்களில்தான் அறிமுகமாகியிருந்தது. ஒன்று, வங்கி வாசலில் அமர்ந்திருக்கும் காவலாளியின் மடியில் கிடக்கும் இரட்டைக்குழல். மற்றது, பொருட்காட்சியில் பலூன் சுடும் காற்றுத் துப்பாக்கி. முதலாவது சுட்டு நான் பார்த்ததில்லை. இரண்டாவது நேராகச் சுட்டுப் பார்த்ததில்லை. இவ்வளவு அனுபவ மூலதனத்தோடு டெக்சஸில் குடியேறிய ஒருவன், நாற்பத்தைந்தாவது வயதில், ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் தொங்கும் இரும்புத் தகட்டைக் குறிபார்க்கும் விளையாட்டில் ஏன் இறங்கினான் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களில் முதலாமவர் என் மனைவி.

ஆயிரம் கெஜம் என்பது 914 மீட்டர். இந்தத் தொலைவுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1874 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கின் லாங் ஐலண்டில், க்ரீட்மோர் என்ற மைதானத்தில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 கெஜத் தொலைவுகளில் மோதின. அயர்லாந்துக்காரர்கள் குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கிகளோடு வந்தார்கள். அமெரிக்கர்களிடம் ரெமிங்டன், ஷார்ப்ஸ் நிறுவனங்கள் தயாரித்த, பின்புறம் தோட்டா இடும் புதுவகை இருந்தது. 934க்கு 931 என்ற கணக்கில் அமெரிக்கா வென்றது. அயர்லாந்து வீரர் ஒருவர் பக்கத்து இலக்கின் நடுப்புள்ளியைத் துல்லியமாகத் துளைத்து அதற்குப் பூஜ்யம் பெற்றார். மூன்றே புள்ளி வித்தியாசம்! துல்லியமாகச் சுடுவது வேறு, சரியான இலக்கைச் சுடுவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த மைதானம் இருந்த இடத்தில் இன்று ஒரு மனநல மருத்துவமனை இருக்கிறது.

மைதானம் போனாலும் பெயர் பிழைத்துக்கொண்டது. ஹார்னடி நிறுவனம் 2007இல் இலக்குச் சுடும் போட்டிகளுக்கென வெளியிட்ட தோட்டாவின் பெயர் 6.5 க்ரீட்மோர். நீண்டு மெலிந்த அதன் குண்டு காற்றைக் குறைவான எதிர்ப்புடன் கிழித்துச் செல்லும். பின்னுதைப்பும் தோளை வருத்தாது. நான் 2019இல் வாங்கிய ரைஃபிள் இந்தத் தோட்டாவுக்கானது. கடையில் இருந்தவற்றுள் மலிவான வரிசை, ஐந்நூறு டாலருக்குள் அடங்கியது. பிளாஸ்டிக் கட்டை, மெருகில்லாத கறுப்புக் குழல். அழகு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

ஒரு காலத்தில் இத்தகைய துல்லியம் வேண்டுமென்றால், தேர்ந்த கொல்லரிடம் கொடுத்துக் குழலையும் இயக்கப் பகுதியையும் கையால் இழைத்துப் பொருத்த வேண்டும். 1958இல் வந்த சாவேஜ் 110 குழலை ஒரு மரையால் இறுக்கிப் பொருத்தும் முறையைக் கொண்டிருந்தது. தோட்டா அமரும் இடைவெளியைத் தொழிற்சாலையிலேயே எளிதாகச் சரிசெய்ய அது வழிவகுத்தது. பிறகு கணினி இயக்கும் கடைசல் இயந்திரங்கள் வந்தன. இன்று மலிவான ரைஃபிளும் நல்ல தோட்டா கிடைத்தால் ஒரு கோண நிமிடத்துக்குள் சுடுகிறது. கோண நிமிடம் என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. நூறு கெஜத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம், ஆயிரம் கெஜத்தில் பத்தரை அங்குலம்.

ஆக, கருவி தன் பங்கைச் செய்துவிடுகிறது. மிச்சமிருப்பவை புவியீர்ப்பு, காற்று, நான்.

இவற்றில் புவியீர்ப்பு நேர்மையானது. நூறு கெஜத்துக்குச் சரிசெய்த ரைஃபிளில் குண்டு ஐந்நூறு கெஜத்தில் சுமார் நான்கு அடி தாழ்கிறது. ஆயிரத்தில் சுமார் இருபத்தாறு அடி. தொலைவு இரட்டிக்க, வீழ்ச்சி ஆறு மடங்குக்கு மேலாகிறது. தோட்டாவின் வேகத்தை அளந்து, காற்றழுத்தமும் வெப்பமும் சேர்த்துக் கணக்கிட்டால் அட்டவணை கிடைத்துவிடும். தொலைநோக்கியின் திருகை ஏறக்குறைய 120 கிளிக் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். ரைஃபிளைவிடத் தொலைநோக்கிக்கு அதிகம் செலவழி என்று மைதானத்துப் பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்னது இதனால்தான். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் அவர். 120 கிளிக் திருப்பி, மீண்டும் 120 கிளிக் பின்னால் வந்தால் பழைய இடத்தில் நிற்கிற தொலைநோக்கிதான் முதல் தேவை என்பார்.

காற்று அப்படியல்ல. மணிக்குப் பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று ஆயிரம் கெஜத்தில் குண்டை ஏறத்தாழ ஆறு அடி தள்ளிவிடும். ஒரு மைல் வேகத்தைத் தவறாக மதித்தால் ஏழு அங்குலம். நான் படுத்திருக்கும் இடத்தில் ஒரு காற்று, பாதி வழியில் ஒரு காற்று, தகட்டருகே வேறொன்று. இவற்றைப் படிக்க உதவுவது கானல். வெயிலில் தரை அனலாடும்போது தொலைநோக்கியில் அந்த அலை தெரிகிறது. காற்றில்லையென்றால் நேர்மேலே கொதித்தெழும், இளங்காற்றில் சாயும், பலத்த காற்றில் ஆற்றுநீர் போலக் கிடையாக ஓடும். ஏமாற்றத்துக்கு உவமையாகவே நாம் அறிந்த கானல், இங்கே உண்மை பேசும் ஒரே சாட்சி.

மூன்றாவதான என்னைத் திருத்துவதற்குத் தோட்டா தேவையில்லை. வீட்டில் வெற்றுத் துப்பாக்கியின் குழல் நுனியில் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை அழுத்தப் பழகினேன். மூச்சை வெளிவிட்டு, அடுத்த மூச்சு தொடங்குமுன் இயல்பாக வரும் இடைவெளியில் அழுத்த வேண்டும். போட்டித்தரத் தோட்டா ஒன்று ஒன்றரை டாலர் விற்ற நாளில் இந்தப் பயிற்சி சிக்கனமும்கூட.

ஆயிரம் கெஜத்தில் முதன்முதலாகத் தகடு ஒலித்தது பதினான்கு மாதங்களுக்குப் பிறகு. விசையை அழுத்தியபின் குண்டு போய்ச்சேர ஒன்றரை விநாடிக்கு மேல். தகட்டின் ஓசை திரும்பிவர இன்னும் இரண்டே முக்கால் விநாடி. அந்த நான்கு விநாடிகளில் செய்வதற்கு எதுவுமில்லை. செய்த வேலை முடிந்துவிட்டது, விளைவு இன்னும் வரவில்லை. கணிப்பொறித் துறையில் இருபதாண்டுகளாக எல்லாவற்றையும் கடைசி நொடிவரை மாற்றிக்கொண்டே இருக்கப் பழகியவனுக்கு, திருத்தவே முடியாத ஒரு செயல் அபூர்வமான ஓய்வு. மனைவியின் கேள்விக்கு நான் அளிக்கக்கூடிய நேர்மையான பதில் இதுதான்.

அவளுடைய மறுமொழியும் நேர்மையானது. திருத்தவே முடியாது என்பதுதானே அச்சமும் என்றாள். ஆயிரம் கெஜம் கடந்த பிறகும் அந்தக் குண்டில் இருக்கும் ஆற்றல், 9 மி.மீ. கைத்துப்பாக்கியின் குண்டு குழலைவிட்டு வெளிவரும்போது கொண்டிருப்பதைவிட அதிகம். இலக்கையும் இலக்குக்குப் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள் என்பது மைதானத்தின் முதல் பாடம். வீட்டுக்கு அவள் தனியே ஒரு விதி வைத்தாள்: ரைஃபிள் ஒரு பெட்டகத்தில், தோட்டாக்கள் மற்றொன்றில், கழற்றிய போல்ட் மூன்றாவதில். மூன்றாவதன் சாவி அவளிடம்.

2022 மே 24 அன்று, இதே மாநிலத்தின் யுவால்டியில், ஒரு தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொன்றவனுக்கு வயது 18. துப்பாக்கியைச் சட்டப்படி கடையில் வாங்கியிருந்தான். நானும் அவ்வாறே வாங்கியவன். பச்சை அட்டை வந்தபின், கடையில் படிவம் நிரப்பி, சில நிமிடங்களில் ஒப்புதல் பெற்றேன். நான் நல்லவனா என்பதை அந்தச் சில நிமிடங்களில் எப்படி அறிந்தார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. யுவால்டிக்குப் பின் தோன்றியது. இன்னும் கடினமான சட்டம் வேண்டும் என்று மைதானத்தில் சொன்னேன். சிலர் எழுந்து போனார்கள். கணித ஆசிரியர் மட்டும் நெடுநேரம் காற்றுக்கொடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையசைத்தார். அது உடன்பாடா, வருத்தமா என்று நான் கேட்கவில்லை.

ரைஃபிளை விற்றுவிடவில்லை. ஆறு மாதம் தொடாமலிருந்து, பிறகு மீண்டும் போகத் தொடங்கினேன். இந்த வகைக் குழல் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் குண்டுகள்வரை துல்லியம் காக்கும் என்பார்கள். என்னுடையது பாதி வாழ்நாளைக் கடந்துவிட்டது.

மகனுக்கு இப்போது பதினாறு வயது. கானலைத் தொலைநோக்கியில் பார்க்க வேண்டும், ஒருமுறை கூட்டிப்போங்கள் என்கிறான். அம்மாவைக் கேள் என்றேன். அப்பாவைக் கேள் என்று அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். மூன்று வாரமாக இரண்டு பேருக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கிறான்.