ஏழு கல்லும் ஒரு டியூப் பந்தும்

விளையாட்டுப் பீரியடில் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தைச் சற்று நின்று பாருங்கள். நாற்பது பிள்ளைகள் இருப்பார்கள், கிரிக்கெட் நடக்கும். பந்து போடுகிறவன், அடிக்கிறவன், துரத்திப் பிடிக்கிற இரண்டு மூன்று பேர், இவர்களுக்குத்தான் வியர்க்கும். மற்றவர்கள் தங்கள் முறை வருமென்று சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள். பெண் பிள்ளைகள் மரத்தடியில். பத்தாம் வகுப்பென்றால் அந்தப் பீரியடையே கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டிருப்பார். உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான்; இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை.

5 வயது முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019-இல் அது வெளியிட்ட ஆய்வின்படி, உலகெங்கும் 11 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. பெண் பிள்ளைகளில் 85 சதவீதம். வசந்தவல்லி பந்தடித்த அழகைக் குற்றாலக் குறவஞ்சியில் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிவைத்த ஊர் நம்முடையது. இங்கே பெண் பிள்ளை மரத்தடியில் உட்கார்ந்திருக்கலாமா?

ஏழு கல் ஆட்டத்தை மறுபடி கொண்டுவாருங்கள் என்பேன். தட்டையான ஓட்டுச்சில்லு ஏழை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஒரு கட்சி கோட்டுக்கு அப்பால் நின்று பந்தெறிந்து அடுக்கைக் கலைக்கும். கலைந்ததும் மைதானமே எழுந்து ஓடும். கலைத்த கட்சி திரும்ப அடுக்கப் பார்க்கும். எதிர்க்கட்சி பந்தால் அடித்து அவர்களை வெளியேற்றும். குனிந்து அடுக்கணும், பந்து வந்தால் விலகணும், பந்துக்காரனைப் போக்குக்காட்டி இழுக்கக் கூட்டாளி வேறு வேண்டும். இதில் நின்றுகொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை.

பந்துக்குக் காசும் வேண்டாம். காகிதத்தை இறுக்கிக் கசக்கி, துணி சுற்றி, பழைய சைக்கிள் டியூபைக் குறுக்கே வளையம் வளையமாக வெட்டி, குறுக்கும் நெடுக்குமாக மாட்டிக்கொண்டே போனால் உருண்டு திரண்டுவிடும். நன்றாகத் துள்ளும். வளையம் கூடக்கூடப் பந்து கெட்டிப்படும், பட்டால் சுள்ளென்று வலிக்கும். அதனால் சின்ன வகுப்புகளுக்கு வெறும் துணிப்பந்தே போதும். இடுப்புக்கு மேலே எறியக் கூடாது என்பதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

நம் தெரு ஆட்டங்களில் ஓட முடியாத வாண்டையும் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். அவன் அடிபட்டாலும் அவுட் இல்லை; கூட ஓடலாம், கல்லும் அடுக்கலாம். பருமனான பிள்ளைக்கும் கூச்சப்படும் பிள்ளைக்கும் இன்றைக்கு வேண்டியது இதுதான். முதல் அடியிலேயே அவுட்டாக்கி உட்காரவைத்தால், யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைதான் எல்லாருக்கும் முன்னால் உட்காரும். ஆகவே அடிபட்டவர் மைதானத்தை ஒரு சுற்று ஓடிவந்து மறுபடி சேர்ந்துகொள்ளட்டும்.

மரபு விளையாட்டு என்றதும் மாவட்டப் போட்டி, கோப்பை, சான்றிதழ் என்று கிளம்பிவிடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. தஞ்சை அரச குடும்பத்தார் 19ஆம் நூற்றாண்டில் ஆடிய பூப்பந்து, கம்பளிப் பந்தும் மட்டையுமாக, கட்சிக்கு ஐந்து பேர் ஆடும் முறையான போட்டி விளையாட்டாக வளர்ந்தது. அது நல்லதே, திறமை உள்ளவர்கள் அதில் மேலே வரட்டும். ஆனால் ஏழு கல்லுக்கும் அணித்தேர்வு வைத்தால் தேர்வான பிள்ளைகள் மட்டும் ஆடுவார்கள், மிச்சப் பேர் கை தட்டுவார்கள்.

விதிகளைச் சுற்றறிக்கையாக அடித்து அனுப்பவும் வேண்டாம். ஊருக்கு ஊர் விதி மாறும். அந்தந்த ஊர்த் தாத்தா பாட்டிகளைப் பள்ளிக்கு அழைத்துச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். வெயில் தாழ்ந்த கடைசிப் பீரியடே இதற்குத் தோது. நாற்பது பேரை நான்காகப் பிரித்து, இரண்டு இடத்தில் கல் அடுக்கினால் ஒரே நேரத்தில் எல்லாரும் ஆடலாம். ஆணும் பெண்ணும் கலந்தே பிரியுங்கள். பந்து பட்டதா இல்லையா என்று சண்டை வரும். கைகலப்பாகாத வரை வாத்தியார் தலையிட வேண்டாம், அவர்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.