நண்டு ஓட இடம் விட்டு...

கடலூர் முதுநகரைத் தாண்டி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று ரயில் நின்று நின்று போயிற்று. ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போகிற கூட்டம். உட்கார இடம் கிடைத்ததே நடராஜப் பெருமான் அருள்தான்!

மறுநாள் வீராணம் ஏரியைப் பார்க்கக் காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் ஏறினோம். பத்தாம் நூற்றாண்டில் சோழ இளவரசன் ராஜாதித்தன் வெட்டுவித்த ஏரி. வந்தியத்தேவன் குதிரையில் வந்த கரை என்று என் நாத்தனாருக்கு ஒரே பரவசம். என்னைப் பிடித்து நிறுத்தியதோ ஏரிக்குக் கீழே ஒரு வயல் வரப்பு.

"நண்டு ஓட நெல், வண்டி ஓட வாழை, தேர் ஓடத் தென்னை" என்று பாட்டி சொல்லுவாள். நாற்றுக்கு நாற்று எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதற்கு ஒரு நண்டுதான் அளவுகோல்! வரப்பில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "நண்டு எங்கே தாத்தா?" என்றேன்.

"அந்தப் பக்கம் தேடாதீங்கம்மா. இங்கே பாருங்க" என்று காட்டினார். ஈர மண் குவிந்த வாயோடு இரண்டு மூன்று வளைகள். பக்கத்திலே, சேமியாவைப் பிழிந்து வைத்தாற்போல் மண்புழுவின் எச்சக் குவியல்.

வயலில் தண்ணீர் கட்டினால் மண்புழு வரப்புக்கு ஏறிக்கொள்ளுமாம். வடிந்ததும் திரும்பி வந்து வைக்கோலையும் தழையையும் தின்று மண்ணாக்குமாம். அதற்கு மூக்கு கிடையாது, தோலால்தான் மூச்சு. மேதை டார்வினே 1881-ல் மண்புழுவுக்கென்று தனிப் புத்தகம் எழுதினார் என்றால் பாருங்களேன்!

குருத்துப் பூச்சிக்காக வயலில் தூவும் குருணை மருந்து சேற்றில்தான் கரைகிறது. புழுவும் நண்டும் குடியிருப்பது அதே சேற்றில். அந்த மருந்துகளில் போரேட் என்பதற்கு 2020 டிசம்பர் 31-லிருந்து நாடு முழுவதும் தடை. வேறு சில இன்னும் கடையில் கிடைக்கின்றன. புழு ஏறி ஒதுங்குகிற வரப்பிலேயே களைக்கொல்லி அடிக்கிறவர்களும் உண்டு. அப்புறம் அது எங்கே போகும்?

பெரியவர் குருணையை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. கொளுஞ்சி, தக்கைப்பூண்டு மடக்கி உழுகிறார். கோடையில் ஆட்டுக் கிடை போடுகிறார். நடவு ஒற்றை நாற்று, பத்து அங்குல இடைவெளி. மடகாஸ்கர் தீவில் 1980-களில் ஒரு பாதிரியார் கண்டு சொன்ன முறையாம் அது. செம்மை நெல் சாகுபடி என்று நம்மூரில் பெயர். தண்ணீரை எப்போதும் தேக்காமல் காயவிட்டுப் பாய்ச்சுவதால் மண்ணுக்குக் காற்று கிடைக்கிறது. பாட்டியின் நண்டு கப்பலேறிப் போய்த் திரும்பி வந்ததுபோல் எனக்குத் தோன்றிற்று!

"மொத வருஷம் வெளச்சல் கொறஞ்சுது. வீட்டிலே இவகிட்டே வாங்கின பேச்சு கொஞ்சமில்லே" என்று சிரித்தார்.

மோர் கொண்டுவந்த பாட்டியம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "என் பிள்ளைங்களுக்குச் சளி பிடிச்சா வயல் நண்டை இடிச்சு ரசம் வெச்சுத்தான் கொடுப்பேன். ராத்திரிக்குள்ளே மூச்சு லேசாயிடும்" என்றார்.

"இப்போதான் நண்டு வந்துவிட்டதே, பேரனுக்கு வைத்துக் கொடுக்கிறீர்களா?"

பாட்டியம்மாள் மடையைப் பார்த்தார். "அதெப்படிம்மா கொடுப்பேன்? மேல் வயல்காரர் குருணை போட்ட தண்ணி இதுலேதானே வந்து வடியுது" என்றார்.