மரை பார்த்து வாங்குங்கள்

பழைய ராலே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, இதுக்குப் போர்க் கிடைக்குமா?" என்பதுதான். 28 இன்ச் சக்கரத்துக்கான கறுப்புப் போர்க் விழுப்புரத்தில் இல்லையென்றால் திண்டிவனத்தில் கிடைத்துவிடும். இந்த வண்டிக்கு அது சேருமா என்பதில்தான் வேலையே இருக்கிறது.

முதலில் மரை. நாட்டிங்ஹாம் ராலே கம்பெனி போர்க் கழுத்தில் ஒரு இன்ச்சுக்கு 26 மரை வெட்டியது. மற்ற இங்கிலாந்து வண்டிகளுக்குப் பெரும்பாலும் 24. நம் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் கூட்டுச் சேர்ந்தது இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸோடு. 1960-ல் ராலேயும் அந்தக் குழுமத்துக்குள் வந்து ஹெர்குலிஸ், பிலிப்ஸுக்குப் பங்காளி ஆனது. ஆனாலும் தன் மரையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பிடிவாதத்துக்கு நாம் இன்றும் அலைகிறோம்.

நட்டை விரலால் ஓட்டிப் பார்த்து முடிவுகட்டக் கூடாது. தப்பான மரையிலும் இரண்டு சுற்று ஓடிவிட்டுத்தான் இறுகும். அதற்குமேல் ஸ்பேனர் போட்டால் மரை சீவிப்போகும். பழைய போர்க்கின் மரைமேல் புதியதன் மரையைப் படுக்கவைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஒரே மரை என்றால் பல்லுக்குள் பல் உட்காரும், இடுக்கில் வெளிச்சம் வராது. 26-ம் 24-ம் என்றால் ஆறேழு மரை தள்ளிப் பல்லின்மேல் பல் ஏறி நிற்கும். மரை சேராவிட்டாலும் போர்க் நன்றாக இருந்தால், அதற்குரிய மேல் கப்பையும் நட்டையும் சேர்த்தே வாங்கி மாற்றிப் பார்க்கலாம்.

அடுத்தது கழுத்து நீளம். 24 இன்ச் ஃபிரேமின் போர்க் 22 இன்ச்சுக்கு நீண்டு நிற்கும். மரை கீழே வரை வெட்டியிருந்தால் மேலே அறுத்துக்கொள்ளலாம். குட்டையான போர்க்கை ஒன்றும் செய்ய முடியாது.

கால்களின் முன்வளைவையும் பாருங்கள். பழைய வண்டிக்கு வளைவு அதிகம். நேரான புதுப் போர்க்கைப் போட்டால் சக்கரம் பின்னால் வந்து, திரும்பும்போது கால்விரல் மட்கார்டில் இடிக்கும். கம்பி பிரேக் வண்டியில் கட்டை ரிம்மின் உள்பக்கத்தைப் பிடிக்கிறது. சக்கரம் அரை இன்ச் ஏறி இறங்கினாலும் பிரேக் பிடிக்காது.

ஹேண்டில்பாரில் பால் கேன் மாட்டி ஓடிய வண்டி என்றால், போர்க் தேடுவதற்கு முன் ஃபிரேமின் கழுத்துக்குக் கீழே விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ட் சுருங்கி மேடு தட்டினால் ஃபிரேமும் அடி வாங்கியிருக்கிறது. அதற்குப் போர்க் வாங்குவது தண்டச்செலவு. வளைந்த போர்க்கை நெருப்பில் காட்டி நிமிர்த்தித் தரச் சொல்கிறவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. ஓடும்போது ஒடிந்தால் விழுவது முகத்தில்தான்.

உடைந்த போர்க்கைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். மரையுள்ள மேல்துண்டையும் நட்டையும் பத்திரப்படுத்துங்கள். கடை கடையாக ஏறி இறங்கும்போது உங்கள் கையில் இருக்கவேண்டிய அளவுகோல் அதுதான்.