தவறு செய்யும் உரிமை

ஒரு தொடரில் ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று தலையெண்ணுவதை நான் கேலி செய்ய மாட்டேன். எண்ணினால்தான் யாரை விட்டுவிட்டார்கள் என்று தெரியும். 'ஸ்டார் ட்ரெக்'கின் முதல் மாதிரிப் படத்தில் கப்பல் தலைவருக்கு அடுத்த நிலையில் ஒரு பெண் இருந்தாள். 1966இல் தொடர் ஒளிபரப்புக்கு வந்தபோது அந்தப் பாத்திரத்தையே காணோம்.

ஆனால் எண்ணி முடித்தபின் கேட்க இன்னொரு கேள்வி இருக்கிறது. உள்ளே வந்த பெண்ணைத் தவறு செய்ய விடுகிறார்களா?

நான் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆண் தலைமையாசிரியர் சறுக்கினால் "சார் கொஞ்சம் அவசரப்பட்டுட்டார்" என்பார்கள். நான் சறுக்கினால் "பொம்பளை நிர்வாகம், வேற எப்படி இருக்கும்?" என்பார்கள். அவர் தவறு அவரோடு போகும். என் தவறு, எனக்குப் பின்னால் அந்த நாற்காலிக்கு வரவிருந்த எல்லாப் பெண்கள் தலையிலும் விழும். அந்தப் பயத்திலேயே துணிந்து எடுக்க வேண்டிய பல முடிவுகளை நாங்கள் எடுக்காமல் விட்டோம்.

அதனால்தான் பேத்தி போட்டுக் காட்டிய 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்னைப் பிடித்துக்கொண்டது. 1978இல் வந்த பழைய தொடரை ரொனால்ட் மூர் 2003இல் புதிதாக எழுதி எடுத்தார். சைலான்கள் என்ற இயந்திர இனம் அணுகுண்டு வீசி மனித குலத்தையே துடைத்துவிடுகிறது. மிஞ்சியது ஏறக்குறைய 50,000 பேர், சில கப்பல்கள். அதிபர் பதவிக்கு வரிசையில் 43ஆவது இடத்தில் இருந்த கல்வி அமைச்சர் லாரா ரோஸ்லின், மேலே இருந்த எல்லோரும் செத்துப்போனதால் அதிபராகிறார். முன்பு பள்ளி ஆசிரியை. தனக்குப் புற்றுநோய் என்று அப்போதுதான் தெரிந்திருக்கிறது.

அந்த ஆசிரியை பதவியேற்ற கையோடு என்ன செய்கிறார்? ஒளியை மிஞ்சித் தாவும் எஞ்சின் இல்லாத கப்பல்களை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பச் சொல்கிறார். சற்று முன் அவர் அன்பாகப் பேசிவிட்டு வந்த சிறுமி அவற்றில் ஒன்றில் இருக்கிறாள். ரோஸ்லினாக நடித்த மேரி மெக்டானல் அந்தக் காட்சியில் ஓவென்று அழவில்லை. நம் ஊர் சீரியலாக இருந்தால் பின்னணி இசையே அழுது தீர்த்திருக்கும்.

ரோஸ்லின் தெய்வமும் இல்லை, ராட்சசியும் இல்லை. உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கையை வெள்ளைப் பலகையில் தன் கையால் எழுதி வைப்பார். ஒரு குழந்தை பிறந்தால் ஒன்று கூட்டுவார். அந்த எண்ணுக்காகவே, வாழ்நாளெல்லாம் பெண்ணின் உரிமை என்று தான் வாதாடிய கருக்கலைப்பையும் பின்னால் தடை செய்கிறார்.

ஸ்டார்பக் விஷயத்தில்தான் ரகளை. பழைய தொடரில் அந்த விமானி ஆண். சுருட்டு, சீட்டாட்டம், பெண்கள் என்று திரிபவன். புதியதில் கேட்டீ சாக்கோஃப் நடித்த காரா திரேஸ் என்ற பெண். பழைய ஸ்டார்பக்காக நடித்த டர்க் பெனடிக்டே இந்த மாற்றத்தைச் சாடிக் கட்டுரை எழுதினார். காராவும் சுருட்டுப் பிடிக்கிறாள், சீட்டாட்ட மேசையில் மேலதிகாரியை அடிக்கிறாள். ஆண் குணத்தை அப்படியே எடுத்துப் போர்த்தியதோடு நின்றிருந்தால் எனக்கு அலுத்திருக்கும். அவள் மனதை அரிப்பது வேறொன்று. விமானப் பயிற்சியில் தேறாத தன் காதலனை, காதலுக்காகவே தேறியதாகக் கையெழுத்திட்டு அனுப்புகிறாள். அவன் விபத்தில் சாகிறான். செத்தவனின் தகப்பன், தளபதி அடாமாவின் கீழேயே வேலை பார்க்கிறாள். மதிப்பெண் போட்ட கை எனக்கு. அந்தக் கையெழுத்தின் கனம் தெரியும்.

குறையே இல்லாத தொடர் என்று சொல்ல வரவில்லை. 2009இல் முடிவதற்குள் முக்கியமான பெண்களில் பெரும்பாலோரைச் சாகடித்துவிட்டார்கள். அது எனக்கு உறுத்தியது.

எங்கள் வீட்டில் இன்றும் ஓயாத சண்டை, ரோஸ்லின் தேர்தலில் செய்த காரியம் பற்றித்தான். எதிர்த்து நிற்கும் பால்டார் ஜெயித்தால் குடி முழுகிவிடும் என்று பயந்து வாக்குப் பெட்டியில் தில்லுமுல்லு செய்யத் துணிகிறார். விஷயம் தெரிந்து அடாமா கேட்க, விட்டுக்கொடுக்கிறார். பால்டார் அதிபராகி மக்களை ஒரு கோளில் இறக்குகிறான்; சைலான்கள் வந்து அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். "அவங்க திருடியிருக்கணும் பாட்டி" என்கிறாள் பேத்தி. நான் அடாமா பக்கம். "அப்போ அத்தனை பேர் செத்தாங்களே, அதுக்கு யார் பொறுப்பு?" என்று மடக்குவாள். ஓட்டுப் போட்டவர்கள்தான் என்பேன். அவள் ஒத்துக்கொண்டதே இல்லை.