எடை இறங்கலைன்னு நடையை நிறுத்திடாதீங்க: ஒரு நீண்ட இழை

1/
“மூணு மாசமா சோத்தைக் குறைச்சுட்டேன். டீயில சீனி கிடையாது. தினமும் விடியக்காலையில நடக்கிறேன். இறங்கினது ஒன்றரை கிலோ. எதுக்கு டாக்டர் இந்தப் பாடு?” கறம்பக்குடி பக்கம் மருத்துவம் பார்க்கிற எனக்கு இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. கேட்கிறவங்களுக்காகவும், கேட்காமலே எல்லாத்தையும் விட்டுட்டவங்களுக்காகவும் இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/
என் கவலை அந்த ஒன்றரை கிலோ பத்தி இல்லை. “பலன் இல்லை”ன்னு முடிவு கட்டி நாலாவது மாசம் நடையை நிறுத்திடறீங்க பாருங்க, அதைப் பத்தித்தான். அப்படி நிறுத்தினவங்கள்ல சிலர், கொஞ்ச வருஷம் கழிச்சு கால் எரிச்சல்னோ, ஆறாத புண்ணுன்னோ வந்து உட்காரும்போதுதான் சர்க்கரை இருக்கிறதே தெரிய வருது.

3/
இது யாரோ நாலு பேர் பிரச்னை இல்லை. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல 100 பெண்கள்ல 40 பேர், 100 ஆண்கள்ல 37 பேர் கூடுதல் எடை. 2023-ல வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வுப்படி தமிழ்நாட்டுல பெரியவங்க 100 பேர்ல 14 பேருக்கு சர்க்கரை நோய். அதனால “எனக்கு மட்டும்தான் உடம்பு இப்படி”ன்னு நினைச்சு வெட்கப்படாதீங்க.

4/
இப்போ நம்ம சென்னையில நடந்த ஒரு ஆய்வைச் சொல்றேன். டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தின ‘இந்திய சர்க்கரை நோய் தடுப்புத் திட்டம்’. முடிவு 2006-ல வெளியாச்சு. சர்க்கரை நோய் இன்னும் வரலை, ஆனா வாசல்ல வந்து நிக்குது: அந்த நிலையில இருந்த 531 பேரை நாலு குழுவா பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு குழுவுக்கு தினமும் 30 நிமிஷ வேக நடை, சீனியும் மாவுச்சத்தும் எண்ணெயும் குறைவு, நார்ச்சத்து கூடுதல். மத்த ரெண்டு குழுவுல மெட்ஃபார்மின் மாத்திரையும் உண்டு.

5/
மூணு வருஷத்துல, அறிவுரை மட்டும் கேட்ட குழுவுல 100-க்கு 55 பேருக்கு சர்க்கரை நோய் வந்துடுச்சு. நடை, உணவு மாத்தின குழுவுல 39 பேருக்கு. அதாவது 100-க்கு 16 பேர் தப்பிச்சாங்க. மாத்திரை போட்ட குழுக்கள்லயும் ஏறக்குறைய இதே அளவுதான்.

6/
இதுல கவனிக்க வேண்டிய இடம் இது: நடையும் உணவும் மாத்தின அந்தக் குழுவோட சராசரி எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை! எடை மெஷினை மட்டும் வச்சு மார்க் போட்டிருந்தா அந்தக் குழுவே ஃபெயில். “மூணு வருஷம் நடந்தும் ஒண்ணும் ஆகலையே”ன்னு அவங்க வீட்டுக்குப் போயிருந்தா அந்த 16 பேருக்கும் சர்க்கரை வந்திருக்கும்.

7/
எடை குறையாம எப்படிப் பலன் வருது? நடக்கும்போது தொடைத் தசை, ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை இன்சுலின் தயவு அதிகம் இல்லாமலே உள்ளே இழுத்துக்குது. தொடர்ந்து நடக்கிற உடம்புல அதே இன்சுலின் இன்னும் நல்லா வேலை செய்யுது. கல்லீரல்ல படிஞ்ச கொழுப்பு மெல்லக் கரையுது. இது எதுவுமே மெஷின் முள்ளுல தெரியாது. மெஷினுக்குத் தெரிஞ்சது மொத்த பாரம் ஒண்ணுதான். அதுல எது தண்ணி, எது தசை, எது கொழுப்புன்னு அதுக்குத் தெரியாது.

8/
தண்ணி கணக்கைத் தனியா சொல்லணும். முதல் வாரம் சட்டுனு இறங்கற ரெண்டு கிலோவுல பெரும்பங்கு தண்ணிதான். உடம்புல சேமிச்ச மாவுச்சத்து குறையும்போது அதோட ஒட்டியிருக்கிற தண்ணியும் போகுது. அதே மாதிரி ராத்திரி கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய்னு உப்பா சாப்பிட்டா மறுநாள் ஒரு கிலோ ஏறியிருக்கும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முன்னாடி நாட்கள்லயும் ஏறும். அது கொழுப்பு இல்லை. அதைப் பார்த்து மனசு விடாதீங்க.

9/
அடுத்து, “குறைச்சலா சாப்பிடறேன், ஆனா முன்ன மாதிரி இறங்கலை.” இதுக்கும் கணக்கு இருக்கு. ஒரு கிலோ கொழுப்புங்கிறது சுமார் 7,700 கலோரி. தினமும் 300 கலோரி மிச்சம் பிடிச்சாக்கூட ஒரு கிலோ கரைய சுமார் 26 நாள் ஆகும். நடுவுல ரெண்டு நாள் பரோட்டா, சால்னான்னு போனா அது 30, 35 நாளா நீளும். மாசம் அரை கிலோவிலிருந்து ஒரு கிலோங்கிறது மெதுவான வேகமே இல்லைங்க. அதுதான் சரியான வேகம்.

10/
உடம்பும் சும்மா இருக்காது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல கெவின் ஹால் குழு 2016-ல கணக்குப் போட்டுச் சொன்னது: ஒவ்வொரு கிலோ குறையும்போதும் உடம்பு தினசரி செலவை 20–30 கலோரி சுருக்கிக்குது, பசியை மட்டும் சுமார் 100 கலோரிக்குக் கூட்டிவிடுது. 5 கிலோ குறைச்சவருக்கு தினமும் 500 கலோரிக்கான கூடுதல் பசி! அந்த நேரத்துல எடை நின்னுபோனா உங்களுக்கு மன உறுதி இல்லைன்னு அர்த்தம் இல்லை. பஞ்ச காலத்துல நம்ம முன்னோரைக் காப்பாத்தின அதே உடம்பு, இன்னிக்கும் பஞ்சம்னு நினைச்சுக்கிட்டு வேலை பார்க்குது.

11/
“யூட்யூப்ல ஒரே மாசத்துல 10 கிலோங்கறாங்களே?” உலகத்துலயே பேர் பெற்ற ஆய்வு ஒண்ணைப் பார்ப்போம். 2002-ல வெளியான அமெரிக்க சர்க்கரை நோய் தடுப்பு ஆய்வு. 3,234 பேர். வாழ்க்கைமுறைக் குழுவுல ஒவ்வொருத்தருக்கும் தனிப் பயிற்சியாளர். சராசரியா குறைஞ்சது 5.6 கிலோ. அவங்க ஆரம்ப எடையே சராசரி 94 கிலோ! அந்த 5.6 கிலோவுக்கே சர்க்கரை நோய் வாய்ப்பு 58 சதவீதம் குறைஞ்சுது. தனிப் பயிற்சியாளர் வச்சவங்களுக்கே அவ்வளவுதான்னா, வீட்டு வேலை, வயல் வேலை, பிள்ளைங்க படிப்புக்கு நடுவுல நீங்க குறைச்ச ஒன்றரை கிலோ கேவலமா?

12/
அந்த ஒன்றரை கிலோவோட மதிப்பைக் கேளுங்க. முழங்கால் தேய்மானம் உள்ளவங்கள்ல நடந்த ஆய்வுப்படி, எடை ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மேல விழற சுமை 4 கிலோ குறையுது. அப்போ உங்களுக்கு அடிக்கு 6 கிலோ. தினமும் எத்தனை அடி வைக்கிறீங்கன்னு நீங்களே பெருக்கிப் பாருங்க. பிரஷரும் கிலோவுக்கு சுமார் 1 புள்ளி இறங்கும்.

13/
சரி, எதை அளக்கலாம்?
எடை: வாரம் ஒரே ஒரு நாள், காலையில வெளிக்குப் போய்ட்டு வந்து, சாப்பிடறதுக்கு முன்னாடி. தினமும் ஏறி நிக்காதீங்க. நாலு வாரத்தையும் கூட்டி சராசரி பாருங்க.
இடுப்பு: டெய்லர் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல, மூச்சை இயல்பா விட்ட பிறகு, மாசம் ஒரு தடவை. ஆண்கள் 90 செ.மீ, பெண்கள் 80 செ.மீ-க்குக் கீழே இருக்கணும். எடை அசையாத மாசத்துலகூட இடுப்பு ஒரு செ.மீ குறையறதைப் பலருக்குப் பார்த்திருக்கேன்.

14/
பிரஷர், சர்க்கரை: ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இலவசமா பார்க்கலாம். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல வீட்டுக்கே வந்தும் பார்க்கிறாங்க. ஏற்கனவே சர்க்கரை, பிரஷர் உள்ளவங்க மூணு மாச சராசரி சர்க்கரையையும் பார்த்துக்கங்க. அப்புறம் ஒரு நோட்டுல எழுதுங்க: மாடி ஏறினா மூச்சு வாங்குதா? பெல்ட் எத்தனாவது ஓட்டை? ஜாக்கெட் பிடிக்குதா? முழங்கால் வலி எப்படி? தூக்கம் எப்படி? மூணு மாசம் கழிச்சு அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்க. எடை மெஷின் சொல்லாததை அது சொல்லும்.

15/
நோட்டுன்னதும் மொய் நோட்டு ஞாபகம் வருதா? வடகாடு, கீரமங்கலம், பேராவூரணி பக்கம் ஆடி வந்தா மொய் விருந்து. ஒரே வாரத்துல நாலு பத்திரிகை, நாலு இடத்துலயும் கறிச்சோறு. போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன், சொன்னாலும் நடக்காது! போங்க, மொய் செய்ங்க, கறி நாலு துண்டு சாப்பிடுங்க. சோறு ஒரு தடவை மட்டும், மறுசோறு வேண்டாம். குழம்பை ஊத்திக் குளிப்பாட்டாதீங்க. அன்னிக்கு ராத்திரி லேசா முடிச்சுக்கங்க. மறுநாள் காலை நடையை மட்டும் விட்டுடாதீங்க. ஒரு விருந்து யாரையும் கெடுக்காது. “ஆடி முடியட்டும், ஆவணியில ஆரம்பிக்கிறேன்”ங்கிற பேச்சுதான் கெடுக்கும்.

16/
“தோட்டத்துல வேலை பார்க்கிறேனே, நடை எதுக்கு?” நியாயமான கேள்வி. மூச்சு கொஞ்சம் வாங்குற அளவுக்குப் பார்க்கிற வேலைன்னா அதையும் கணக்குல சேர்த்துக்கங்க. மோட்டார் போட்டுட்டு வரப்புல நிக்கிறது அதுல சேராது.

17/
“பொம்பளைங்க ரோட்டுல நடந்தா ஊரே பார்க்குது”ன்னு சொல்ற அக்கா, தங்கச்சிகளுக்கு: தெருவுல இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்துக்கங்க. மூணு பேரா போனா ஒரு வாரத்துல ஊருக்குப் பழகிடும். முடியலையா, மொட்டை மாடி இருக்கு, வீட்டு வாசல் இருக்கு. ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிஷம் நடந்தாக்கூட, சாப்பிட்ட பிறகு ஏறுற சர்க்கரை குறையும். நாற்காலியில உட்கார்ந்து எழுந்திரிக்கிறதை 10 தடவை, காலையும் மாலையும் செய்ங்க. தசை தேயாம இருக்கணும். முட்டை, மீன், பயறு, கொண்டைக்கடலை இதுல ஒண்ணு வேளைக்கு வேளை தட்டுல இருக்கட்டும்.

18/
நிஜமாவே ஒரு தடை இருக்கவும் வாய்ப்பு உண்டு. தைராய்டு குறைவு, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு மாத்திரை, சில மனநல மருந்துகள், இன்சுலின் இதெல்லாம் எடையைப் பிடிச்சு வைக்கும். மூணு மாசம் ஒழுங்கா செஞ்சும் எடை, இடுப்பு ரெண்டும் அசையலைன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க. மருந்தை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க சோத்தைக் குறைக்கும் முன்னாடியே சொல்லிடுங்க. தாழ் சர்க்கரை ஆயிடலாம், அளவை மாத்தணும்.

19/
சோர்வு வர்ற நேரம் பார்த்துத்தான் ஏமாத்துறவங்க வருவாங்க. பேர் தெரியாத பொடி, “இயற்கை” மாத்திரை, தைராய்டே இல்லாதவங்களுக்குத் தைராய்டு மாத்திரை. பின்னது இதயத் துடிப்பையே கெடுக்கும். புதுசா வந்திருக்கிற ஊசிகள் நிஜமாவே வேலை செய்யுது. தேவைப்படறவங்களுக்கு டாக்டர் சொல்லுவார். ஆனா அதுலயும் செமாக்ளூடைட் ஊசியை நிறுத்தின ஒரே வருஷத்துல, குறைஞ்ச எடையில மூணுல ரெண்டு பங்கு திரும்ப ஏறினதா ஆய்வு சொல்லுது. ஊசி போட்டாலும் நடை வேணும், தட்டு மாறணும்.

20/
வீட்டுல இருக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. “இவ்வளவு நடந்தும் அப்படியேதான இருக்கே”ன்னு சிரிக்காதீங்க. விளையாட்டாத்தான் சொல்றீங்க. ஆனா அந்த ஒரு சொல்லுலயே மறுநாள் காலை செருப்பை மாட்டாம படுத்துக்கிட்டவங்க உண்டு. முடிஞ்சா கூட நடங்க. முடியலைன்னா அந்த அரை மணி நேரம் அடுப்படியைப் பார்த்துக்கங்க.

21/
2018 நவம்பர் 16. கஜா புயல். நம்ம பக்கம் தென்னை எல்லாம் வேரோட சாஞ்சு கிடந்தது. அழுதோம். அப்புறம் குழி வெட்டி திரும்ப தென்னம்பிள்ளை வச்சோம். காய்க்க வருஷக்கணக்காகும்னு தெரிஞ்சேதான் வச்சோம். “மூணு மாசமா தண்ணி ஊத்தறேன், ஒரு குரும்பைகூட விடலை”ன்னு யாராவது பிடுங்கிப் போட்டோமா? அந்தப் பொறுமை உங்ககிட்ட ஏற்கனவே இருக்கு. உங்க உடம்புக்கும் அதுல கொஞ்சம் கொடுங்க.

22/
இன்னிக்குச் செய்ய வேண்டியது மூணே மூணு. ஒண்ணு, டேப் எடுத்து இடுப்பை அளந்து தேதி போட்டு எழுதுங்க. ரெண்டு, எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில தள்ளுங்க, வாரம் ஒரு நாள் எடுத்தா போதும். மூணு, நிறுத்தியிருந்தா நாளைக்குக் காலையில 15 நிமிஷம் மட்டும் நடங்க, விட்ட மாசத்துக்கெல்லாம் சேர்த்து நடக்க வேண்டாம். மூணு மாசம் கழிச்சு இடுப்பு, பிரஷர், சர்க்கரை மூணையும் கீழே எழுதுங்க. எடையை எழுதலைன்னாலும் பரவாயில்லை. சோர்ந்து போயிருக்கிற உங்க அக்காவுக்கோ, மாமாவுக்கோ இதை அனுப்புங்க. நல்லா இருங்க.